கிரிகோதைராய்டோட்டமி: குரல்வளைத் திறப்பு

வேலூரில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் உறவினர்கள், “தொண்டையில ஓட்டை போட்டிருக்காங்க” என்று ஊருக்குப் போனில் சொல்வதுண்டு. அந்த ஓட்டை பெரும்பாலும் டிரக்கியாஸ்டமி, அதாவது மூச்சுக்குழலில் இடும் திறப்பு. கிரிகோதைராய்டோட்டமி அதுவன்று, வாய்வழியே குழாய் செலுத்தவும் முடியாமல், முகமூடியால் காற்றூட்டவும் முடியாமல், ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும் சில நிமிடங்களில் செய்யப்படுவது.

கிரேக்கத்தில் ‘கிரிகோஸ்’ வளையம், ‘தைரியோஸ்’ கதவளவு நீண்ட கேடயம், ‘டொமி’ வெட்டு. ஆண்களின் கழுத்தில் புடைத்துத் தெரிவது கேடயக் குருத்தெலும்பு. அதற்குக் கீழே, முத்திரை மோதிரம்போல் ஒரு பக்கம் அகன்ற வளையக் குருத்தெலும்பு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், தோலுக்கு மிக அருகில் இருக்கும் சவ்வைத்தான் வெட்டுகிறார்கள். “தைராய்டு இருக்கு” என்று நாம் சொல்லும் சுரப்பிக்கும் இந்தக் கேடயக் குருத்தெலும்பின் பெயரே பிற்காலத்தில் வந்தது. இந்தச் சிகிச்சை அந்தச் சுரப்பியில் செய்வதன்று.

அமெரிக்கத் தொண்டை மருத்துவர் செவாலியர் ஜாக்சன் 1921இல், கழுத்தில் இவ்வளவு உயரத்தில் வெட்டினால் குரல்வளை சுருங்கிவிடும் என்று கடுமையாக எச்சரித்தபின், இம்முறை நெடுங்காலம் ஒதுங்கிக் கிடந்தது. பிராண்டிகன், குரோ என்ற அமெரிக்க மருத்துவர்கள் இருவர் 655 நோயாளிகளின் அனுபவத்தை 1976இல் வெளியிட்டபோதுதான் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பெரியவர்களுக்குக் கத்தி, குழாய்க்கு வழிகாட்டும் நெகிழ்கோல் (பூஜி), 6 மில்லிமீட்டர் குழாய் ஆகிய மூன்றையே கேட்கிறது. சிறு குழந்தைகளுக்குச் சவ்வு மிகச் சிறியது என்பதால் கத்தியை வைப்பது ஆபத்து.

தமிழில் ‘வளையக்கேடயச் சவ்வுவெட்டு’ என்று எழுதலாம், பிழையில்லை. ஆனால் அது கிரேக்கச் சொல்லுக்குத் தமிழ்ச்சட்டை மாட்டியதுபோல் இருக்கிறது, பதற்றத்தில் நிற்கும் தாய்க்கு எதையும் சொல்லாது. அந்தச் சவ்வு குரல்வளையைச் சேர்ந்ததாதலால் ‘குரல்வளைத் திறப்பு’ என்பதே என் தெரிவு. ‘வளை’ என்ற சொல்லுக்குச் சங்கு என்றும் பொருளுண்டு; பேச்சிலும் அந்த இடத்தைச் சங்கு என்றே சொல்கிறோம். ஆகவே இச்சொல்லைக் கேட்பவரின் கை தானாகவே சரியான இடத்துக்குப் போகும்.

டிரக்கியாஸ்டமியின் இறுதியில் உள்ள ‘ஸ்டோமா’ வாய் என்று பொருள்படும். கிணற்றுவாய், புண்வாய் என்று திறப்பைக் குறிக்க நாமும் வாய் என்றே சொல்வதால், அதை ‘மூச்சுக்குழல்வாய்’ எனலாம். இவ்வாறு பிரித்துச் சொன்னால், அவசரத்தில் செய்த குரல்வளைத் திறப்பின் குழாய் பொதுவாகச் சில நாட்களுக்குள் அகற்றப்படும் என்பதையும், தேவைப்பட்டால் அதற்குக் கீழே மூச்சுக்குழல்வாய் அமைக்கப்படும் என்பதையும் குடியாத்தத்திலிருந்து வந்த குடும்பத்துக்கும் ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடலாம்.