பத்து மைக்ரோநொடிக்குள் ஒரு பதில்: கட்டற்ற இயக்கியும் மூடிய ஃபர்ம்வேரும்

கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "பழைய மடிக்கணினி ஒன்றில், கைவசம் இருந்த, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 11-ஆம் பதிப்பை நிறுவினேன். எல்லாம் சரியாக வந்துவிட்டது, வைஃபை மட்டும் வரவில்லை. இன்டெல் அட்டைக்கான இயக்கி கட்டற்ற மென்பொருள் என்றும், அது லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது என்றும் எங்கும் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் தனியாக இன்னொரு பொதியை (நிறுவுவதற்கென்று கட்டிவைத்த மென்பொருள் தொகுப்பை) நிறுவச் சொல்வது ஏன்? இயக்கி கட்டற்றது என்று சொல்வது உண்மைதானா?"

உண்மைதான். இயக்கி என்பது ஒரு கருவியோடு பேச இயங்குதளம் பயன்படுத்தும் நிரல்; கர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. அந்த இயக்கியின் ஒவ்வொரு வரியையும் நாம் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் வைஃபை அட்டைக்குள் தனியாக ஒரு சிறு கணினி இருக்கிறது. அதற்கென ஒரு செயலியும் கொஞ்சம் நினைவகமும் வானொலிச் சுற்றுகளும் உண்டு. அந்தச் செயலியில் ஓடும் நிரலைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம். நிலைபொருள் என்ற தமிழ்ச் சொல்லும் வழக்கில் இருக்கிறது. கர்னலில் உள்ள இயக்கி இந்தச் சிறு கணினிக்குக் கட்டளைகளை அனுப்பி விடைகளைப் பெறுகிறது. அந்த விடைகளை உருவாக்கும் ஃபர்ம்வேரின் மூல நிரல், அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவம், நம் கையில் இல்லை.

தொடக்ககால வைஃபை அட்டைகள் பலவற்றில் இந்த நிரல் அட்டையின் ஃபிளாஷ் நினைவகத்திலேயே பதிந்திருந்தது. பிறகு வந்தவற்றில் பெரும்பாலானவை, செலவைக் குறைப்பதற்காக, அந்த ஃபிளாஷைக் கைவிட்டன. ஆகையால் இன்றைய அட்டை மின்சாரம் பெறும் ஒவ்வொரு முறையும் வெறும் நினைவகத்தோடு விழித்தெழுகிறது. அதற்கு நிரலை ஊட்ட வேண்டியது இயக்கியின் கடமை. விண்டோஸில் இந்த நிரல் இயக்கியோடு சேர்ந்தே வந்துவிடுவதால் பயனர் அதைக் கவனிப்பதில்லை. லினக்ஸில் அது தனிக் கோப்பாக இருப்பதால் கண்ணில் படுகிறது.

அட்டைக்குள் எதற்காகத் தனிச் செயலி? மடிக்கணினியின் செயலி அதைவிடப் பலமடங்கு வேகமானதாயிற்றே, எல்லா வேலையையும் அதுவே செய்துவிடக் கூடாதா? வைஃபையில் என்னை மிகவும் கவர்ந்த ஏற்பாடு இந்தக் கேள்வியின் விடையில்தான் இருக்கிறது.

காற்றில் தரவை அனுப்பும் கருவியால், தான் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்பதைத் தானாக அறிந்துகொள்ள முடியாது. தான் பேசும்போது தன் குரலே மிகப் பலமாக ஒலிப்பதால், அதே நேரத்தில் வேறொருவர் பேசி இரண்டு அலைகளும் மோதினாலும் அதற்குக் கேட்காது. எனவே வைஃபைக்கு அடிப்படையான 802.11 தரம் ஒரு விதியை வகுத்திருக்கிறது: ஒரு தரவுச் சட்டகத்தை (ஒரே தொடராக அனுப்பும் தரவுத் துண்டை) பிழையின்றிப் பெற்ற கருவி, உடனே ஒரு ஒப்புகையைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த 'உடனே' என்பதன் அளவு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 10 மைக்ரோநொடி, 5 கிகாஹெர்ட்ஸில் 16 மைக்ரோநொடி. பத்து மைக்ரோநொடியில் ஒலி மூன்றரை மில்லிமீட்டரைக்கூடக் கடப்பதில்லை.

இவ்வளவு குறுகிய இடைவெளி ஏன் என்று பார்த்தால், வகுத்தவர்களின் நுட்பம் புரியும். ஒரே அறையில் இருபது கருவிகள் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. யார் எப்போது பேசலாம் என்று முறை வைத்துச் சொல்ல நடுவர் எவரும் இல்லை. அந்த வேலையை அமைதியின் நீளம் செய்கிறது. புதிதாகப் பேச விரும்பும் கருவி, அலைவரிசை அமைதியானபின் 2.4 கிகாஹெர்ட்ஸில் குறைந்தது 28 மைக்ரோநொடி காத்திருக்க வேண்டும். அதற்கு மேலும் தற்செயலாகத் தேர்ந்தெடுத்த ஒரு கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டும். ஒப்புகை அனுப்பும் கருவிக்கோ 10 மைக்ரோநொடி மட்டுமே. மற்றவர்கள் இன்னும் காத்துக்கொண்டிருக்கும்போதே ஒப்புகை கிளம்பிவிடுவதால், யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் அதற்கு முன்னுரிமை கிடைத்துவிடுகிறது. வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுக்காமல், ஒவ்வொருவரும் எத்தனை எண்ணிவிட்டு வாய்திறக்கலாம் என்று மட்டும் சொல்லிவைத்தது போன்ற ஏற்பாடு இது. ஒப்புகை தாமதமானால் இந்த ஒழுங்கு முழுவதும் குலைந்துவிடும்; அனுப்பியவர் தரவு தொலைந்ததாக எண்ணி மறுபடியும் அனுப்புவார், நெரிசல் பெருகும்.

அந்தப் பத்து மைக்ரோநொடிக்குள் நடந்து முடிய வேண்டியவற்றை எண்ணிப் பாருங்கள். சட்டகம் தனக்கு வந்ததுதானா என்று முகவரியைப் பார்க்க வேண்டும். 32 பிட் சரிபார்ப்பு எண் சட்டகத்தின் கடைசியில் வருவதால், இறுதி பிட் வந்து சேரும்வரை அது பிழையற்றதா என்பதைச் சொல்ல முடியாது. அதன் பிறகே 14 பைட் நீளமுள்ள ஒப்புகையைத் தயாரித்து, வானொலியைக் கேட்கும் நிலையிலிருந்து பேசும் நிலைக்கு மாற்றி, அலையை வெளியிட வேண்டும். இதை மடிக்கணினியின் செயலியிடம் விட்டால், அட்டை ஒரு குறுக்கீட்டை, அதாவது 'என்னைக் கவனி' என்ற சைகையை, எழுப்ப வேண்டும். கர்னல் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவைத்து அதைக் கவனிக்க வேண்டும். அதற்குச் சில மைக்ரோநொடியும் ஆகலாம், சில நூறு மைக்ரோநொடியும் ஆகலாம். எவ்வளவு என்று உறுதி கூற முடியாது. யூஎஸ்பி அட்டையின் நிலை இன்னும் கடினம்: யூஎஸ்பி 2.0 தன் நேரத்தையே 125 மைக்ரோநொடித் துண்டுகளாகத்தான் பிரிக்கிறது. ஒரு துண்டுக்குள் பன்னிரண்டு ஒப்புகைகளின் கெடு கடந்துவிடும். மடிக்கணினியின் செயலி எவ்வளவு வேகமாக இருந்தாலும், தூரமும் நிச்சயமின்மையும் அதை இந்த வேலைக்குத் தகுதியற்றதாக்கிவிடுகின்றன.

ஆகவே இந்தக் கெடுபிடியான பகுதி அட்டைக்குள்ளேயே நடந்தாக வேண்டும். அதை மாற்ற முடியாத சுற்றாகவே செதுக்கிவிடலாம். 2008-இல் கர்னலில் சேர்ந்த ஏடிஎச்9கே இயக்கி கையாளும் ஏதெராஸ் பிசிஐ அட்டைகள் அப்படிப்பட்டவை, அவற்றுக்கு எந்த ஃபர்ம்வேர் கோப்பும் தேவையில்லை. அல்லது அட்டைக்குள் ஒரு செயலியை வைத்து, அதில் ஒரு நிரலை ஓட்டலாம். பிராட்காமும் இன்டெலும் இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுத்தன. நிரலாக இருந்தால் விற்பனைக்குப் பிறகும் பிழை திருத்தலாம் என்பதால் தொழில்துறை முழுவதும் இன்று பெரும்பாலும் இந்த வழியில்தான் செல்கிறது. காலப்போக்கில், அவசரமில்லாத வேலைகள் பலவும் அந்த நிரலுக்குள் குடியேறிவிட்டன. பழைய பிராட்காம் அட்டைகளின் நிரல் சில பத்து கிலோபைட்தான். வாசகரின் மடிக்கணினியில் இருக்கும் இன்டெல் 7260 அட்டைக்கான கோப்பு ஏறத்தாழ ஒரு மெகாபைட்.

கர்னல் இந்தக் கோப்பைத் தேடும் முறை எளிமையானது. இயக்கி ஒரு கோப்பின் பெயரைச் சொல்கிறது. கர்னல் லிப் கோப்பகத்தின் கீழுள்ள ஃபர்ம்வேர் கோப்பகத்தில் அதைத் தேடி எடுத்துத் தருகிறது. கோப்பு இல்லையென்றால், கர்னல் தன் செய்திகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் 'மைனஸ் 2' என்ற பிழை எண் விழும். அதற்குப் பொருள், அப்படி ஒரு கோப்பு இல்லை என்பது மட்டுமே. இன்டெல் கோப்புகளின் பெயர் ஒரு எண்ணில் முடியும். இயக்கியும் ஃபர்ம்வேரும் எந்தப் பேச்சுமொழியில் உடன்பட்டிருக்கின்றன என்பதை அது குறிக்கும். புதிய அட்டைகளுக்கான இயக்கி தனக்குத் தெரிந்த மிக உயர்ந்த எண்ணிலிருந்து தொடங்கி, 59 உண்டா, 58 உண்டா என்று படிப்படியாக இறங்கி வரும். பதிவேட்டில் தொடர்ந்து விழும் இந்தப் பிழைச் செய்திகளைக் கண்டு பலர் பதறுகிறார்கள். கடைசியில் ஒரு கோப்பு கிடைத்துவிட்டால் அவை எல்லாம் பொருட்படுத்தத் தேவையற்றவை.

இனி பொதி தயாரிப்பவரின் இடத்திலிருந்து பார்ப்போம். ஒரு கோப்பை உரிய கோப்பகத்தில் வைப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் ஏதுமில்லை. அதை வைக்கும் உரிமை தனக்கு உண்டா என்பதே அவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி. 2008-இல் டேவிட் வுட்ஹவுஸ் தொடங்கிய லினக்ஸ்-ஃபர்ம்வேர் களஞ்சியத்தில், எந்தக் கோப்பு எந்த இயக்கிக்குரியது, எந்த உரிமத்தின் கீழ் வந்தது என்பதைச் சொல்லும் ஒரு பட்டியலும் கூடவே பராமரிக்கப்படுவது இதனால்தான். இன்டெல் கோப்பின் உரிமம், அதை மாற்றாமல் பிறருக்குக் கொடுக்க அனுமதிக்கிறது. பிரித்து ஆராய்வதைத் தடுக்கிறது. கொடுக்கும் உரிமையும் மாற்றும் உரிமையும் வெவ்வேறு என்பதைத் தெளிவாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் பொதி செய்யலாம், ஆனால் அது கட்டற்ற மென்பொருள் ஆகாது. எனவே டெபியன் அதைத் தன் முதன்மைத் தொகுப்பில் சேர்க்காமல் தனிப் பிரிவில் வைக்கிறது.

முதலாவது உரிமையும் இல்லாவிட்டால் என்ன செய்வது? பழைய பிராட்காம் அட்டைகள் அப்படித்தான். அவற்றுக்கான கட்டற்ற இயக்கியை, நிறுவனத்தின் ஆவணங்கள் எதுவும் இன்றி, அதன் மூடிய இயக்கியை ஆராய்ந்தே தன்னார்வலர்கள் எழுதினார்கள். அது 2006-இல் கர்னலில் சேர்ந்தது, இன்று பி43 என்ற பெயரில் வழங்குகிறது. ஆனால் ஃபர்ம்வேரை விநியோகிக்க அனுமதி இல்லை. அதற்கு அவர்கள் கண்ட வழி பி43-எஃப்டபிள்யூகட்டர் என்ற சிறு கருவி. பிராட்காமின் மூடிய இயக்கிக் கோப்பைப் பயனரே இணையத்திலிருந்து இறக்குகிறார். கருவி அந்தக் கோப்பின் எம்டி5 கைரேகையை (அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்ணை) கொண்டு அது எந்தப் பதிப்பு என்று அடையாளம் கண்டு, எந்த பைட்டிலிருந்து எதுவரை ஃபர்ம்வேர் இருக்கிறது என்று தன்னிடமுள்ள அட்டவணையில் பார்த்து, பலாச்சுளையிலிருந்து கொட்டையை எடுப்பதுபோல் அந்தத் துண்டை மட்டும் பிரித்தெடுத்து வைக்கிறது. டெபியனின் பொதியில் ஃபர்ம்வேரின் ஒரு பைட்கூட இல்லை. நிறுவும் நேரத்தில் இறக்கி வெட்டுவதற்கான நிரல் மட்டுமே அதில் இருக்கிறது. இணையத்தில் சேர்வதற்கு வேண்டிய கோப்பைப் பெறவே இணையம் வேண்டும் என்பதுதான் இதிலுள்ள குறை.

மூன்றாவது வகை எனக்கு மிகவும் பிடித்தது. ஏதெராஸின் ஏஆர்9271 போன்ற யூஎஸ்பி சில்லுகளுக்கான ஃபர்ம்வேரின் மூல நிரலை 2013-இல் குவால்காம் ஏதெராஸ் திறந்துவிட்டது. உடனே அதைக் கட்டற்ற பொதியாக்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் முதன்மைத் தொகுப்பில் இருப்பவை அனைத்தும் மூலத்திலிருந்து, அதே தொகுப்பிலுள்ள கருவிகளைக் கொண்டு உருவாக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பது டெபியனின் விதி. சில்லுக்குள் இருப்பது எக்ஸ்டென்சா வகைச் செயலி. எனவே மூல நிரலைச் செயலியின் மொழிக்கு மாற்றும் கம்பைலரை, அந்தச் சில்லுக்கு ஏற்பத் திருத்தி முதலில் உருவாக்கி, அதைக் கொண்டு ஃபர்ம்வேரை உருவாக்க வேண்டும். மிகச் சிறிய ஒரு கோப்புக்காக ஒரு முழு கம்பைலரையே கட்டியெழுப்பும் உழைப்பு இது. அதைச் செய்து முடித்தார்கள். இன்று அந்தப் பொதி முதன்மைத் தொகுப்பில் இருக்கிறது.

பழைய பிராட்காம் சில்லுகள் சிலவற்றுக்கு, இத்தாலியின் பிரேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் ஓப்பன்எஃப்டபிள்யூடபிள்யூஎஃப் என்ற கட்டற்ற ஃபர்ம்வேரைப் புதிதாக எழுதி வெளியிட்டார்கள். மேலே சொன்ன ஒப்புகையின் கெடு உட்பட, நுண்ணளவு நேரக் கணக்குகளை எல்லாம் அசெம்பிளி மொழியில் அவர்களே எழுதியிருந்தார்கள். ஃபெடோரா அதைப் பொதியாக்கியது. பல்கலைக்கழகங்களுக்குச் செல்லும் பொதுப்பணத்தின் மிகச் சிறந்த பயன்களுள் ஒன்றாக இதைக் கருதுகிறேன். நம்மிடமும் இதற்கான வாய்ப்பு இருந்தது, இருக்கிறது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடியொற்றியதுதான். தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளிலும் அது இடம்பெற்றது. அத்தனை பெரிய கொள்முதலின்போது, வைஃபை அட்டையின் ஃபர்ம்வேரைத் தடையின்றி விநியோகிக்கும் உரிமையை ஒப்பந்த நிபந்தனையாகவே அரசு கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தனிப் பயனர் கேட்டால் காதில் வாங்காத நிறுவனம், லட்சக்கணக்கில் வாங்குபவர் கேட்டால் கட்டாயம் கேட்கும்.

கோரிக்கையை இன்னும் தாமதிக்கக் கூடாது என்பதற்கு ஒரு காரணமும் உண்டு. புதிய அட்டைகள் பல, தயாரிப்பாளரின் மின்னொப்பம் உள்ள ஃபர்ம்வேரை மட்டுமே ஏற்கின்றன. அத்தகைய அட்டைக்கு மூல நிரல் கிடைத்தாலும், நாம் திருத்தி உருவாக்கிய கோப்பை அதில் ஓட்ட முடியாது. 2017-இல் பிராட்காம் சில்லுகளின் ஃபர்ம்வேரில் இருந்த 'பிராட்பான்' என்ற ஓட்டை வெளிப்பட்டது. ஆண்ட்ராய்டு கைபேசிகளும் ஐபோன்களும் அதனால் பாதிக்கப்பட்டன. அதை அடைக்கும் திருத்தத்துக்கு அனைவரும் நிறுவனங்களையே எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தது.

டெபியன் இந்தச் சிக்கலைப் பல ஆண்டுகள் விவாதித்தது. 2011-இல் வெளிவந்த 6-ஆம் பதிப்பில், கட்டற்றவை அல்லாத ஃபர்ம்வேர்களை எல்லாம் கர்னலிலிருந்து அகற்றினார்கள். அதன் பிறகு அவற்றைப் பயனரே தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. 2022 அக்டோபரில் முடிவு வெளியான உறுப்பினர் வாக்கெடுப்பில், தங்கள் அடிப்படைக் கொள்கை ஆவணமான சமூக ஒப்பந்தத்தையே திருத்தி, ஃபர்ம்வேர்களை நிறுவல் வட்டிலேயே சேர்க்க முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பில் அவற்றுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது; நிறுவும் நிரல் அட்டையை அடையாளம் கண்டு உரிய பொதியைத் தானே சேர்க்கிறது. கொள்கையில் உறுதியானவர்கள் சிலருக்கு இது வருத்தம் தந்தது. ஆயினும் பயனரிடம் எதையும் மறைக்காமல், மூடிய பகுதியைத் தனியே பெயரிட்டு வைத்திருப்பதால் இது நேர்மையான தீர்வு என்றே நான் எண்ணுகிறேன்.

வாசகர் நிறுவியது 11-ஆம் பதிப்பு என்பதால்தான் அவருக்கு அந்தக் கோப்பு கிடைக்கவில்லை. 12-ஐயோ அதற்குப் பிந்தியதையோ நிறுவினால் வைஃபை தானாகவே வந்துவிடும். இருப்பதையே வைத்துக்கொள்ள விரும்பினால், ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைப் பகிரச் செய்யலாம். அந்த வழிக்கான இயக்கி கர்னலிலேயே இருக்கிறது. மடிக்கணினியிலிருந்து எந்த ஃபர்ம்வேரையும் அது கேட்பதில்லை. பிறகு மென்பொருள் களஞ்சியப் பட்டியலில் கட்டற்றதல்லாத பிரிவைச் சேர்த்து, இன்டெல் வைஃபை ஃபர்ம்வேர் பொதியை நிறுவி, ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டும். பதிவேட்டில் 'மைனஸ் 2' இருந்த இடத்தில் ஃபர்ம்வேரின் பதிப்பு எண் தென்படும்.