உரியாத தோலும் நழுவும் தோலும்

மார்கழி பிறந்துவிட்டால் தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கத்துச் சந்தைகளில் அவரைக்காய் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். காயை மொத்தமாக வாங்கி, மாலையில் திண்ணையிலோ டிவி முன்னாலோ உட்கார்ந்து உரித்து, கொட்டையை இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை நீக்கிக் குழம்பு வைப்பார்கள். அதற்குத் துணை சுடச்சுட ராகிக் களி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பனிக்காலச் சுகங்களில் இதற்கு முதலிடம் கொடுப்பேன். காசு அதிகம் கேட்காத சாப்பாடு; கேட்பதெல்லாம் விரல்களின் உழைப்பும், கூட உட்கார்ந்து பேசிக்கொண்டே பிதுக்க நாலு பேரும்தான்.

இந்தச் சாப்பாட்டின் அறிவியல் முழுவதும் தோலில் அடங்கியிருக்கிறது. ராகியின் தோல் என்ன செய்தாலும் உரியாது. அவரையின் தோல் ஊறிவிட்டால் விதையோடு நிற்காது. ஒன்றை மாவாக அரைத்தே உண்ண வேண்டியிருப்பதற்கும், மற்றொன்று வெண்ணெய்போல் வெந்து குழைவதற்கும் காரணம் அதுவே.

முதலில் ராகி. நெல்லைக் குத்தினால் உமியும் தவிடும் போய் முழு அரிசி நிற்கிறது. ராகியில் அது நடக்காது. மேலே இருக்கும் காகிதம் போன்ற மெல்லிய உறை எளிதில் போய்விடும். அதற்கு அடியில் இருக்கும் செங்கல் நிறத் தோல், உள்ளே இருக்கும் மாவுப் பகுதியோடு இறுக ஒட்டியிருக்கும். அந்த மாவுப் பகுதியோ எளிதில் நொறுங்கக்கூடியது. தீட்டப் போனால் தோல் உரிவதற்கு முன்பே தானியம் உடைந்துவிடும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், ராகியை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, உட்பகுதியைக் கெட்டிப்படுத்திய பிறகே தோல் நீக்கும் முறையைக் கண்டுபிடித்தது. வீட்டில் அதற்கெல்லாம் வழியில்லை. ஆகவே தோலோடு சேர்த்து அரைப்பதே காலங்காலமாக நடக்கிறது.

இந்த இயலாமை நம் நல்வினை. ராகியின் நிறம், நார்ச்சத்து, துவர்ப்புத் தரும் பாலிபீனால்கள் ஆகியவற்றின் பெரும்பங்கு அந்தத் தோலில்தான் இருக்கிறது. கால்சியத்திலும் கணிசமான பங்கு அங்கே உண்டு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது; தீட்டிய பச்சரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. களி மிருதுவாக வரவேண்டும் என்று மாவை நைஸ் சல்லடையில் சலித்துக் கப்பியைக் கொட்டிவிடுபவர்கள், எதற்காக ராகி வாங்கினார்களோ அதையே கொட்டுகிறார்கள். கல், தூசு போகச் சலித்தால் போதும்.

இனி அந்த மாவு எப்படிக் களியாகிறது என்று பார்க்கலாம். உலையில் தண்ணீர் கொதித்ததும் கொஞ்சம் நொய்யரிசி போட்டுக் குழைய வேகவைப்பார்கள். பிறகு ராகி மாவை அதன்மேல் குவியலாகக் கொட்டுவார்கள். உடனே கிண்டமாட்டார்கள். துடுப்பின் காம்பால் குவியலின் நடுவே ஒரு துளை போட்டு, தீயைக் குறைத்து, மூடிவைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். புதிதாகக் களி செய்யப் பழகுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். மாவைப் போட்ட கையோடு கிண்டிவிடுவார்கள். களி முழுவதும் கட்டி கட்டியாக நிற்கும்.

மாவில் இருக்கும் ஸ்டார்ச், கண்ணுக்குத் தெரியாத சிறு மணிகளாக இருக்கிறது. குளிர்ந்த நீரில் அந்த மணிகள் பெரிதாக எதுவும் செய்வதில்லை. வெப்பம் சுமார் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது நீரை உறிஞ்சிப் பலமடங்கு ஊதுகின்றன. உள்ளே இருக்கும் அமைலோஸ் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் கசிந்து வெளியே வருகின்றன. நீர் பசையாக மாறுவது அப்போதுதான். கொதிநீரில் மாவைத் தூவிக் கிண்டும்போது ஒவ்வொரு மாவுத் திரளின் வெளிப்புறமும் நொடியில் பசையாகி, உள்ளே நீர் புக முடியாத உறையாகிவிடுகிறது. நடுவில் உலர்ந்த மாவு அப்படியே அகப்பட்டுக்கொள்கிறது. கட்டியைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே பச்சை மாவு இருப்பது இதனால்தான். எவ்வளவு நேரம் கொதித்தாலும் அது வேகாது.

கிண்டாமல் குவித்து வைக்கும்போது கதை வேறு. கொதிநீரைத் தொடுவது குவியலின் அடிப்பகுதி மட்டுமே. துளை வழியாக ஏறும் நீராவியும் கொதியும் ஈரத்தையும் சூட்டையும் மேலே கொண்டுபோகின்றன. சில நிமிடங்களில் குவியல் முழுவதும் நனைந்து வெதுவெதுப்பாகி, பாதி வேக்காட்டுக்கு வந்துவிடுகிறது. அதன்பிறகு கிண்டினால் புதிதாகக் கட்டி பிடிக்க உலர்ந்த மாவு அதிகம் மிச்சமிருக்காது.

அப்படியும் சில கட்டிகள் இருக்கும். அவற்றை உடைப்பது துடுப்பின் வேலை. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நீர்த்த கூழில் விழுந்த கட்டியைக் கரண்டியால் உடைப்பது கடினம். துரத்தத் துரத்த நழுவிப் போகும். கெட்டியான களியிலோ கட்டிக்குத் தப்பிக்க வழியில்லை. துடுப்பின் அழுத்தத்தை அந்தக் கெட்டிப் பசையே கட்டியின் மேல் கொண்டு சேர்த்து, அதை இழுத்துக் கிழித்துவிடுகிறது. ஒருவர் கவட்டைக் கோலால் பானையை அசையாமல் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்டும் காட்சியில் வீண் ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. அவ்வளவு பலம் தேவைப்படும் அளவுக்குக் கெட்டியாக இருந்தால்தான் களி கட்டியில்லாமல் வரும். முதலில் குழைந்த நொய் தன் பங்குக்கு அமைலோஸைக் கசியவிட்டுப் பசையை இறுக்குகிறது. உருட்டும்போது கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்வது, கைக்கும் களிக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் நின்று ஒட்டாமல் காப்பதற்காக. சூடு தாங்குவதற்கும்தான்.

அடுத்து அவரை. அது ஏன் மார்கழியைப் பார்த்து வருகிறது? மானாவாரி நிலத்தில் ஆடி, ஆவணியில் ராகி விதைக்கும்போதே சில சால்கள் விட்டு இடையிடையே அவரையையும் போடுவது இந்தப் பகுதியின் பழைய வழக்கம். கார்த்திகை, மார்கழியில் ராகியை அறுத்துவிடுவார்கள். அதுவரை ஒதுங்கியிருந்த அவரைக் கொடி, காலியான நிலமெங்கும் படர்ந்து பூத்துக் காய்க்கத் தொடங்கும். பாரம்பரிய அவரை ரகங்கள் இரவின் நீளத்தை அளந்து பூப்பவை. இலைகளில் உள்ள பைட்டோகுரோம் என்ற ஒளியுணர் புரதம் இந்த அளவீட்டைச் செய்கிறது. கிருஷ்ணகிரி இருக்கும் அட்சரேகையில் ஆனி மாத நெடும்பகலுக்கும் மார்கழி மாதக் குறும்பகலுக்கும் இடையே வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். நமக்கு அது உறைப்பதே இல்லை, அவரைக்கு உறைக்கிறது. இரவு நீளத் தொடங்கியபிறகுதான் பூ எடுக்கும். விதைப்பு சில வாரங்கள் முன்பின் ஆனாலும் வட்டாரம் முழுவதும் ஒரே பருவத்தில் காய் வருவதற்குக் காரணம் இது. வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால், உரம் அதிகம் காணாத மானாவாரி நிலத்திலும் அவரை சளைப்பதில்லை.

பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் ஆண்டு முழுவதும் காய்க்கும் குற்றுச்செடி ரகங்களைப் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் உருவாக்கியிருக்கிறார்கள். விவசாயிக்கு அவை நல்ல வரும்படி தரலாம். ஆனால் பருவத்து நாட்டு அவரையை உரித்தபின் விரலில் பிசுபிசுப்போடு ஒட்டிக்கொள்ளும் அந்த வாசம் எல்லா ரகத்துக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. காயின் மேல்தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையில் உள்ள கொழுப்பு அமிலங்கள் அந்த வாசத்தின் மூலம். சோப்பு போட்டுக் கழுவினாலும் கையில் கொஞ்ச நேரம் நிற்கும். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை.

பிதுக்கும் வேலைக்கு வருவோம். உரித்த கொட்டையை உடனே பிதுக்கினால் தோல் விடாது. நகத்தால் கீறி எடுக்க வேண்டியிருக்கும். தண்ணீரில் போட்டதும் நீரை முதலில் வாங்குவது தோல். அது விரிந்து, உள்ளிருக்கும் பருப்பைவிடச் சற்றுப் பெரிதாகி, அங்கங்கே சுருங்கி எழும்புகிறது. தோலையும் பருப்பையும் பிணைத்திருந்த பெக்டின் போன்ற பொருட்கள் நீரில் இளகுகின்றன. இரண்டுக்கும் நடுவே ஈரப்படலம் ஒன்று உருவாகிவிடுகிறது. இப்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால், தோல் ஒரு முனையில் கிழிய, வழுவழுப்பான பருப்பு துள்ளி வெளியே வருகிறது. பாத்திரத்தில் விழ வேண்டியது எதிரே இருப்பவர் முகத்தில் விழுவதும் உண்டு. சிறுவர்கள் இந்த வேலைக்கு விரும்பி வருவது அதற்காகத்தான். ஊறும் நேரத்தில் நிதானம் வேண்டும். வெதுவெதுப்பான அடுப்பங்கரையில் அளவுக்கு மீறி ஊறினால் நீரில் நுரை கட்டிப் புளித்த வாடை வந்துவிடும். நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் நல்லது.

தோலோடு டானின்களும் போகின்றன. அவை துவர்ப்பவை, புரதத்தோடு பிணைந்து செரிமானத்தையும் தாமதப்படுத்துபவை. நார்ச்சத்தில் ஒரு பங்கும் போகிறது என்பது உண்மை. அந்த நட்டத்தை ராகியின் உரியாத தோல் ஈடுகட்டிவிடுகிறது. தோல் இல்லாத பருப்பு சீக்கிரம் இரண்டாகப் பிளந்து, எல்லாப் பக்கமும் நீரைத் தொடுவதால், விரைவில் வெந்துவிடும். பச்சை அவரைக்கொட்டைக்குக் குக்கரே வேண்டியதில்லை.

வேகும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஒன்று புளி. பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின், அமிலம் இருந்தால் எளிதில் கரையாது. புளியை முதலிலேயே கரைத்து ஊற்றினால் பருப்பு நறுக்கு நறுக்கென்றே நிற்கும். பருப்பு வெந்தபிறகுதான் புளி. இன்னொன்று தண்ணீர். உப்புத் தண்ணீரில், அதாவது கடின நீரில், பருப்பு வேகாது என்று பெரியவர்கள் சொல்வது சரியான வேதியியல். கடின நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகள் பெக்டின் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போட்டு அவற்றை இறுக்கிவிடுகின்றன. இந்த இரு மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் கடினமானது; ஃபுளோரைடும் அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுவதால் பல்லையும் எலும்பையும் தாக்கும் நோய்) தடுப்பும் சேர்ந்திருக்கிறது. 2013-இல் அது செயல்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் வரும் குழாயில் ஒரு குடம் பிடித்துவைத்துப் பருப்பு வேகவைக்கும் வீட்டுக்காரருக்குக் காரணம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஓசூர்ப் பக்கம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம் என்பதால் அங்கே தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். காய்ந்த கொட்டையை வேகவைக்க அங்கே கூடுதல் நேரமோ குக்கரோ வேண்டும். காய்ந்த அவரையில் செரிமான நொதியைத் தடுக்கும் பொருட்களும், சயனைடை வெளிவிடக்கூடிய சேர்மங்களும் உண்டு; நன்றாக ஊறவைத்து, முதல் கொதி நீரை வடித்துவிட்டு, முழுக்க வேகவைத்தே உண்ண வேண்டும்.

ராகியும் அவரையும் தட்டில் சேர்வது புரதத்துக்கும் பொருத்தம். தானியங்களில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. அவரையில் அது தாராளம். அவரையில் குறைவான மெத்தியோனின் ராகியில் பரவாயில்லாத அளவில் இருக்கிறது. பயிராகவும் இரண்டும் ஒரே திசையிலிருந்து வந்தவை. இரண்டின் பூர்வீகமும் ஆப்பிரிக்கா.

களி தின்றால் சர்க்கரை ஏறாது என்று பரவலாக ஒரு பேச்சு இருக்கிறது. அதை அப்படியே நம்ப வேண்டாம். நைசாக அரைத்து முழுக்க வெந்த ஸ்டார்ச் உடலில் விரைவாகவே குளுக்கோஸாக மாறும். பருப்பும் கீரையும் சேர்ந்த குழம்பு அந்த வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஆனாலும் உருண்டையின் அளவே முக்கியம். 2023-இல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது நல்ல காரியம். அதனால் ராகி மருந்தாகிவிடவில்லை; நல்ல தானியமாகவே இருக்கிறது.

மிஞ்சிய களியை இரவில் தண்ணீரில் போட்டுவைப்பார்கள். ஆறும்போது, கசிந்திருந்த அமைலோஸ் சங்கிலிகள் மீண்டும் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொள்வதால் களி விறைக்கிறது. ஸ்டார்ச்சில் ஒரு பங்கு செரிமான நொதிகளுக்கு எளிதில் வசப்படாத வடிவத்துக்கு மாறுகிறது. கூடவே லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கி, மெல்லிய புளிப்பை ஏற்றுகின்றன. காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு குடிக்கலாம். ஓசூரை அடுத்த தளிப் பக்கத்துக் குளிரில் புளிப்பு மெதுவாகத்தான் ஏறும். பங்குனி வெயிலில் தருமபுரியில் மதியத்துக்குள் கடுத்துவிடும். அங்கே கோடையில் காலை வேளையிலேயே குடித்து முடித்துவிட வேண்டும்.