கச்சான் காலத்தில் ஓவர்குளொக்கிங்: செயலியின் ஆயுளைக் குறைப்பது எது?

உற்பத்தியாளர் நிர்ணயித்த கடிகார வேகத்துக்கு மேலாகக் கணினிச் செயலியை இயக்குவதே ஓவர்குளொக்கிங் ஆகும். திருகோணமலையில் விளையாட்டுகளுக்காகவும் காணொளித் தொகுப்புக்காகவும் தாமே கணினி பூட்டிக்கொள்ளும் இளைஞர்கள், இதனால் செயலி விரைவில் பழுதாகிவிடுமா என்று கேட்பது இயல்பு. வேகம் கூடுவதால் மட்டும் செயலி பெரிதாகத் தேய்வதில்லை. அந்த வேகத்தில் தடுமாறாமல் இயங்குவதற்காகக் கூட்டப்படும் வோல்ற்றளவும் அதனால் எழும் வெப்பமுமே அதன் ஆயுளை அரிக்கின்றன.

செயலியினுள் நுண்ணிய மின் ஆளிகளாக இயங்கும் திரான்சிஸ்டர்கள் நிலைமாறும்போது செலவாகும் வலு, மீடிறனுக்கும் (அதாவது கடிகார வேகத்துக்கும்) வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் நேர்விகிதமானது. 4.0 கிகாஹேர்ட்ஸிலும் 1.20 வோல்ற்றிலும் இயங்கும் செயலியை 4.4 கிகாஹேர்ட்ஸுக்கும் 1.32 வோல்ற்றுக்கும் உயர்த்தினால், கிடைக்கும் வேகம் 10 சதவீதம்; அதற்காகக் கூடும் வலுவோ ஏறத்தாழ 33 சதவீதம், மின்னோட்டம் 21 சதவீதம்.

இந்த மின்னோட்டம் பாயும் செப்பு இணைப்புகள் சில பத்து நனோமீற்றர் அகலமே கொண்டவை. மகாவலி தன் கரைமண்ணை அரித்துக் கொண்டுபோய்க் கொட்டியாரக் குடாவில் சேர்ப்பதைப் போல, அவற்றில் விரையும் இலத்திரன்கள் உலோக அணுக்களைச் சிறிது சிறிதாகத் தள்ளிச் செல்கின்றன; அணுக்கள் விலகிய இடத்தில் வெற்றிடம் தோன்றி இணைப்பு அறுகிறது, குவிந்த இடத்தில் அயல் இணைப்புடன் குறுஞ்சுற்று ஏற்படலாம். அலுமினிய இணைப்புகளை ஆராய்ந்த ஜேம்ஸ் பிளாக் 1969இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி, இணைப்பின் ஆயுள் மின்னோட்ட அடர்த்தியின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைவதோடு, வெப்பநிலை உயரும்போது அடுக்குக்குறி விதிப்படியும் சரிகிறது. மேற்சொன்ன 21 சதவீத மின்னோட்டத்தை அதில் இட்டால், வெப்பத்தைக் கணக்கில் எடுக்காமலே ஆயுளில் மூன்றிலொரு பங்கு போய்விடும். வெப்பநிலை 10 பாகை கூடினால், எஞ்சியதும் ஏறத்தாழப் பாதியாகும். பின்னாளில் அலுமினியத்துக்குப் பதிலாகச் செப்பு வந்தது இந்த இடப்பெயர்வைத் தாமதப்படுத்தியதே தவிர நிறுத்தவில்லை.

திரான்சிஸ்டரைத் திறந்து மூடும் பகுதியான வாயிலுக்கு அடியில் உள்ள மெல்லிய மின்காப்புப் படையும் மிகை வோல்ற்றளவால் பாதிக்கப்படுகிறது. அதில் மின்னேற்றங்கள் சிக்குவதால் திரான்சிஸ்டர் திறப்பதற்கு முன்னைவிடக் கூடிய வோல்ற்றளவு தேவைப்படுகிறது. அழுத்தம் நீங்கியபின் இப்பாதிப்பின் ஒரு பகுதி தானே ஆறிவிடும் என்றாலும், முழுவதும் ஆறுவதில்லை.

ஆகையால் செயலி பெரும்பாலும் திடீரெனச் சாவதில்லை. முதலில், நெடுநாள் குறையின்றி இயங்கிய வேகத்தில் கணினி காரணமின்றி நின்றுபோகும். வோல்ற்றளவைச் சற்றுக் கூட்டினால் சரியாகும். அப்படிக் கூட்டியதே அடுத்த தேய்வை விரைவுபடுத்தும். ஓவர்குளொக்கிங் செய்யாதவர்களுக்கும் இது நேரலாம். 2024இல் இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சில, அளவுக்கு மீறிய வோல்ற்றளவைத் தாமே கோரியதால் நிலைகுலைந்தன. அந்நிறுவனம் செயலியின் உள்ளியக்கத்தை ஆளும் நுண்நிரலுக்குத் திருத்தம் வெளியிட்டு உத்தரவாதக் காலத்தையும் 2 ஆண்டுகள் நீட்டியது.

காற்றாலோ நீராலோ குளிர்விக்கும் எந்தச் சாதனமும் செயலியை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுவராது. குளிரூட்டிய அறையில் 24 பாகையில் சோதித்த ஒருவரின் அமைப்பைக் வெப்பமான தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் நடுப்பகலில் 34 பாகை நிலவும், திருகோணமலையை அடுத்த உப்புவெளியின் வீடொன்றில் அப்படியே பின்பற்றினால், அந்த 10 பாகையும் செயலியின் வெப்பநிலையில் ஏறத்தாழ அப்படியே கூடும். கடற்கரையோர உப்புக்காற்றோ சிலிக்கனைத் தொடுவதில்லை. அது மின்விசிறியையும் உலோகத் தகடுகளையும் பாதித்து, தூசியோடு சேர்ந்து குளிர்விப்பைக் கெடுக்கிறது.

இவ்வூரின் வெப்பத்துக்கு, வேகத்தை மாற்றாமல் வோல்ற்றளவைக் குறைப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. நிலைகுலையாமல் 5 சதவீதம் குறைக்க முடிந்தாலே, நிலைமாற்றத்துக்கான வலு சுமார் 10 சதவீதம் குறையும். எந்த அமைப்பையும் மாரிகால இரவில் சோதித்து முடிவெடுக்காமல், வைகாசி, ஆனி மாதப் பிற்பகலில் சில மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும்.