நிற்கும் எஞ்சினுக்கு அளவெடுக்காதீர்கள்

ஆண்டுச் சோதனைக்கு ஒரு விமானம் வந்தால் நான் முதலில் எஞ்சினைப் பார்ப்பதில்லை. எஞ்சினை மூடும் உறையான கவுலிங்கின் மேல் பாதியைக் கழற்றி, பழைய கம்பளம் விரித்த மேசையில் மல்லாத்தி வைத்து, டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்து அதன் உட்புறத்தைப் பார்ப்பேன். எங்கே கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது, எங்கே கண்ணாடியிழையை இறுக்கும் எப்பாக்ஸிப் பிசின் பழுப்பேறியிருக்கிறது, எங்கே ஏதோ ஒன்று உரசி உரசி வழவழப்பாக்கியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், எஞ்சினில் எதைத் தேட வேண்டும் என்பதும் பாதி தெரிந்துவிடும். உரிமையாளர் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூடியை என்ன இவ்வளவு நேரம் பார்க்கிறான் என்பது அவர் கவலை.

நான் வேலை பார்ப்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில். வீட்டுக் கொட்டகையில் தாங்களே விமானம் கட்டுகிறவர்கள் ஜூலை தோறும் திரளும் ஆஷ்காஷ் இங்கேதான் இருக்கிறது. இந்நாட்டு விதிப்படி, தன் விமானத்தைத் தானே கட்டியவர் அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் சான்றிதழ் பெற்று, 12 மாதங்களுக்கு ஒருமுறை நடத்த வேண்டிய சோதனையைத் தானே செய்துகொள்ளலாம். அதை விலைக்கு வாங்கியவருக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது. அவர் பெரும்பாலும் உரிமம் பெற்ற என்னைப் போன்ற மெக்கானிக்கிடம்தான் வருவார். ஆகவே கட்டியவர் கையைவிட்டுப் போய், சில வருடங்கள் பறந்து, உள்ளே இருந்த குறைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டத் தொடங்கும் பருவத்தில்தான் இந்த விமானங்களை நான் பார்க்கிறேன். அந்தக் குறைகளில் பெரும் பங்கு கவுலிங் பொருத்திய சில வாரங்களில் விதைக்கப்பட்டது.

காரணம் புரியாததல்ல. இரண்டு மூன்று வருடங்களாக அலுமினியத் தகட்டில் ரிவெட் அடித்துக் கை பழகியவருக்கு, கடைசிக் கட்டத்தில் திடீரென்று கவுலிங்குக்கான இரண்டு கண்ணாடியிழை ஓடுகள் வந்து சேர்கின்றன. அவற்றில் ஓரம் நேராக இருக்காது. துளை போட்டு வராது. கட்டுபவருக்கோ பறக்கும் அவசரம். வெளியிலிருந்து பார்க்க அழகாக உட்கார்ந்துவிட்டால் போதும் என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் கவுலிங் வெறும் மூடி என்றால் அது இல்லாமலும் எஞ்சின் குளிர வேண்டுமே! 1928-இல் அமெரிக்காவின் லாங்லி ஆய்வகத்தில் ஃபிரெட் வைக் குழுவினர், சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் நட்சத்திர எஞ்சினைச் சுற்றி உறை போட்டு ஆராய்ந்தபோது, கர்டிஸ் ஹாக் விமானத்தின் வேகம் மணிக்கு 118 மைலிலிருந்து 137 மைலாக ஏறியது. விமானத் துறையின் 1929-ஆம் ஆண்டுக்கான காலியர் விருது அதற்குத்தான் கிடைத்தது. எஞ்சினைக் குறைந்த காற்றில் குளிர வைத்து, மிச்சக் காற்றை வெளியே வழுக்கிப் போக விட்டதுதான் அதன் சூட்சுமம். நம்முடைய விமானங்களில் இருக்கும் லைகமிங் நிறுவனத்தின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்களும் படுத்த வாக்கில் இருந்தாலும் அடிப்படை அதேதான். முன்னாலுள்ள இரண்டு வாய்களில் நுழையும் காற்று சிலிண்டர்களுக்கு மேலே தேங்கி, அவற்றைச் சுற்றியுள்ள குளிர்விப்புத் துடுப்புகளின் இடுக்கு வழியே கீழே இறங்கி, புகைபோக்கிக் குழாய்களை ஒட்டி வெளியேற வேண்டும். மேலே தேங்கும் அந்த அறையின் கூரை மேல் கவுலிங். சுவர்கள் பேஃபிள் தகடுகள். கூரைக்கும் சுவருக்கும் நடுவே சிலிக்கான் ரப்பர் பட்டை. கூரை ஒழுகினால் எஞ்சின் சுடும்.

அந்தக் கூரைமேல் என்ன விசை வருகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினால்தான் பலரும் நம்புகிறார்கள். கடல்மட்டக் காற்றில் 150 நாட் (மணிக்குச் சுமார் 278 கிலோமீட்டர்) வேகத்தில் போனால், எதிர்க்காற்றை முழுதாக நிறுத்தும்போது எழும் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 370 கிலோ எடைக்குச் சமம். அது அப்படியே கவுலிங் மீது வந்துவிடாது. ஆனாலும் உள்ளிருந்து தள்ளுவதும் வெளியே மேற்பரப்பில் உறிஞ்சுவதும் சேர்ந்து மேல் கவுலிங்கை உப்ப வைக்கும். விமானம் நிறுத்தும் ஹேங்கரில் கச்சிதமாக ஒட்டி நின்ற ரப்பர் பட்டை, ஆகாயத்தில் கவுலிங்கை எட்டிப்பிடிக்க முடியாமல் போவது இதனால்தான்.

கவுலிங் மட்டுமல்ல, எஞ்சினும் நகர்கிறது. அது நான்கு ரப்பர் புஷ்களின் மேல் தொங்குகிறது. கிளப்பும்போதும், அதைவிட நிறுத்தும்போதும், ஈரம் உதறும் நாயைப் போல உடம்பை உலுக்கிக்கொள்ளும். கட்டுபவர்களிடம் நான் சொல்லும் ஒரே வீட்டுப்பாடம் இது: வேறு ஒருவரின் விமானம் நிற்கும்போது, புரொப்பெல்லருக்குப் பத்திரமான தூரத்தில் பக்கவாட்டில் நின்று, கடைசி இரண்டு சுற்றில் அதன் நடுவிலுள்ள கூம்பான ஸ்பின்னர் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். ஒருமுறை பார்த்தவர் அதன்பிறகு எஞ்சின் பாகத்துக்கும் கவுலிங்குக்கும் நடுவே அரை அங்குலம் விடச் சொன்னால் ஏன் என்று கேட்பதில்லை. புகைபோக்கிக் குழாய்க்கு நான் ஓர் அங்குலம் கேட்பேன், அதற்கு நேர் எதிரே கவுலிங்கின் உட்புறத்தில் வெப்பத்தைத் திருப்பியடிக்கும் அலுமினியப் படலமும் வேண்டும்.

ஆடுவது போதாதென்று ரப்பர் தொய்யவும் செய்யும். நம்மூர்த் தச்சர்களும் கொத்தனார்களும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள். கவுலிங் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான அளவு எனக்குத் தெரியவில்லை. ஸ்பின்னருக்கும் கவுலிங் முகத்துக்கும் நடுவே இரண்டு நூல் இடைவெளி. உயரத்தில், ஸ்பின்னர் கவுலிங்கைவிட அரை நூலாவது தூக்கலாக இருக்கட்டும். எஞ்சின் எடையில் புஷ்கள் அமுங்கிய பிறகு அது தானாக நேருக்கு வரும். புத்தம் புது ரப்பரில் நூல் பிடித்தாற்போல் பொருத்திவிட்டுப் பெருமைப்பட்டவரின் விமானம், அடுத்த வருடம் மூக்கு தொங்கி வந்து நிற்கும். கீழ்ப் புஷ்ஷில் வாஷர் கொடுத்துத் தூக்கலாம்தான். ஆனால் சாயம் அடித்துப் பளபளக்கும் முகத்தில் ஸ்பின்னர் போட்ட பிறை வடிவக் கீறலை வாஷர் ஆற்றாது.

பொருத்தும் முறை அவரவர் கைப்பழக்கம். புரொப்பெல்லர் இடத்தில் ஸ்பின்னர் விட்டத்துக்கு வெட்டிய பிளைவுட் வட்டத்தைப் போல்ட் போட்டு, அதை வைத்து முகத்தை நிலைநிறுத்துவது எனக்குப் பிடிக்கும். பின் ஓரத்தை வெட்டுவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் நடுவே நிற்கும் தடுப்புத் தகடான ஃபயர்வாலின் விளிம்பு கவுலிங்குக்கு அடியில் மறைந்துவிடும், பிறகு எங்கே வெட்டுவது? மறைவதற்கு முன்பே விமான உடலில், விளிம்பிலிருந்து சரியாக இரண்டு அங்குலம் பின்னால் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கவுலிங்கை மேலே வைத்த பிறகு அந்த டேப்பிலிருந்து இரண்டு அங்குலம் முன்னால் அளந்தால் வெட்டுக்கோடு கிடைத்துவிடும். கோட்டுக்கு வெளியே வெட்டி, மிச்சத்தை நீளமான கட்டையில் ஒட்டிய உப்புத்தாளால் தேய்த்துக் கொண்டுவாருங்கள். சாயத்துக்கும் தடிமன் உண்டு, கால் நூல் இடம் விடுங்கள். தப்பாக வெட்டிவிட்டால் உலகம் முழுகிவிடாது. கண்ணாடியிழையில் வெட்டியதைத் திரும்பக் கட்டலாம், அலுமினியத்தில் முடியாது. தூசியை மட்டும் இளக்காரமாக நினைக்காதீர்கள். முகமூடி இல்லாமல் தேய்ப்பவரோடு நான் வேலை செய்வதில்லை. எப்பாக்ஸி கையில் பட்டுப் பட்டு, ஒருநாள் அதன் வாடைக்கே தோல் தடிக்கும் நிலைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கையுறையும் சோப்பும் மலிவு.

பேஃபிள் தகடுகளுக்கு வருவோம். தகட்டின் மேல் விளிம்பு நெடுகக் காகிதக் கிளிப்புகளை உயரமாகச் செருகி, மேல் கவுலிங்கை மெல்ல வைத்து எடுத்தால், ஒவ்வொரு கிளிப்பும் தொட்ட இடம்வரை இறங்கியிருக்கும். அந்த உயரங்களை இணைத்துக் கோடு போட்டு, மூன்று நான்கு நூல் குறைத்து வெட்ட வேண்டும். அந்த இடைவெளியை நிரப்புவது ரப்பர் பட்டை. பட்டை உட்பக்கமாக, அழுத்தம் தேங்கும் பக்கமாகச் சாய வேண்டும். அப்போது காற்றே அதைக் கூரையோடு சேர்த்து அழுத்தும். வெளிப்பக்கம் மடிந்தால் அதே காற்று கதவைத் திறந்துகொண்டு போய்விடும்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர், பின்வரிசைச் சிலிண்டர் ஒன்று ஏறும்போதெல்லாம் 430 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுகிறது என்று வந்தார். லைகமிங் தரும் உச்ச வரம்பு 500 டிகிரி என்றாலும், 400-க்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அவர் வெப்ப உணரியை இரண்டு முறை மாற்றிவிட்டார், கார்புரேட்டரையும் பிரித்துப் பார்த்துவிட்டார். மேல் கவுலிங்கைப் புரட்டினேன். ரப்பர் பட்டை உரசிய கறுப்புக் கோடு சுற்றிலும் தொடர்ந்து வந்து, பின் மூலையில் நான்கு விரற்கடை தூரத்துக்குக் காணாமல் போயிருந்தது. கவுலிங்கைத் திரும்ப மாட்டி, ஹேங்கர் விளக்குகளை அணைத்து, அடியில் ஒரு விளக்கைச் செருகிவிட்டு, முன் வாய் வழியாக அவரையே பார்க்கச் சொன்னேன். அந்த மூலையில் பிறை நிலவு போல வெளிச்சம் தெரிந்தது. ஒவ்வொரு முறை மூடும்போதும் பட்டை அங்கே வெளிப்பக்கமாக மடிந்திருக்கிறது. இரண்டு துண்டுகள் சேரும் அந்த மூலையைப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி திரும்பத் தைத்ததோடு சரி, அடுத்த ஏற்றத்தில் 390-ஐத் தாண்டவில்லை. செலவு ஒரு முழம் ரப்பர்.

புதிதாகக் கட்டியவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். புது எஞ்சின் பழகும்வரை இயல்பாகவே சூடாக ஓடும். கவுலிங் இல்லாமல் தரையில் ஓட்டிப் பார்ப்பதாக இருந்தால் கசிவு தெரியும் அளவுக்குச் சில நிமிடங்கள் போதும். கூரை இல்லாதபோது காற்று துடுப்புகளுக்குள் இறங்காது, சுற்றிக்கொண்டு போய்விடும்.

இரண்டு ஓடுகளையும் இணைக்கும் நீளக் கீல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்க்க வெளியே ஒரு திருகுகூடத் தெரியாது என்பதால் பலருக்கும் ஆசை. பக்கவாட்டுக் கீல்களில் செருகும் கம்பிகளின் முன் நுனியை மடக்கிப் பூட்டாமல் விட்டால் அதிர்வில் ஊர்ந்து வெளியே வரும், வந்தால் முதலில் சந்திப்பது புரொப்பெல்லரை. அடிப்பக்கம் புகைபோக்கிக்கு அருகிலுள்ள கீலின் கண்கள் ஒவ்வொன்றாக உடைவதையும் அடிக்கடி பார்க்கிறேன்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது, கழற்ற முடியாத கவுலிங். மூன்று இதழ் புரொப்பெல்லர், முன்சக்கரத் தண்டு, இறுகிய கம்பிகள் எல்லாம் சேர்ந்து, இரண்டு பேர் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினால்தான் வரும் என்றால், அது ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். போன மே மாதம் வந்த விமானம் அப்படிப்பட்டது. மூன்று வாரம் வெளியில் நின்றிருக்கிறது. புறப்படுமுன் எண்ணெய்க் கதவைத் திறந்து பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது என்றார் உரிமையாளர். அந்தக் கதவு உள்ளங்கை அகலம், அதன் வழியே எண்ணெய் அளக்கும் கோலும் அதன் மூடியும் தெரியும். மேல் கவுலிங்கைக் கழற்றியபோது பின் சிலிண்டருக்கும் பேஃபிளுக்கும் நடுவே ஒரு கை நிறையக் காய்ந்த புல், பறவைக் கூடு. அதில் ஒரு பக்கம் கருகியிருந்தது. அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, கீல்களை அறுத்தெடுத்துவிட்டுக் கால்சுற்றில் திறக்கும் பூட்டுகள் போட எத்தனை நாளாகும் என்று கேட்டார்.