முட்டி வலிக்கு முன் பல்லை எண்ணுங்கள்

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ரோடு பைக் எனப்படும் சைக்கிளில் ஏறிய ஒருவர், மறுவாரம் என் பிசியோதெரபி அறைக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். 36 கொண்டை ஊசி வளைவுகள். "முட்டி போச்சு சார். நல்ல பெல்ட் ஒன்று சொல்லுங்கள்."

சைக்கிள் வாசலில்தான் நின்றது. செயின் ஓடும் கியர் சக்கரங்களின் பல்லை எண்ணினோம். முன்னால் சின்ன சக்கரத்தில் 39, பின்னால் பெரிய சக்கரத்தில் 28. சமவெளியில் பறக்க அருமையான கியர். 15 சதவீத ஏற்றத்தில், அதாவது 100 மீட்டருக்கு 15 மீட்டர் உயரும் இடத்தில், மணிக்கு 6 கி.மீ. போனாலே பெரிய விஷயம். அந்த வேகத்தில் இந்த கியரில் பெடல் நிமிடத்துக்குச் சுமார் 34 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதிக்கும் முட்டிச் சிப்பி தொடை எலும்போடு அழுந்தும். மணிக்கணக்கில் அப்படி மிதித்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

முன்னும் பின்னும் 34 பல் இருந்தால் அதே வேகத்தில் 48 சுற்று கிடைக்கும். மிதிக்கும் அழுத்தம் கால் பங்குக்கு மேல் குறையும். ஆனால் பின்னால் செயினைச் சக்கரம் விட்டுச் சக்கரம் மாற்றும் பழைய டிரெய்லியர்கள் (derailleur) பல 34 பல்லை ஏற்காது. கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அவருடைய சீட்டும் தாழ்ந்திருந்தது. குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்கினால் கால் நேராக வேண்டும். அவருக்கு மடங்கியே நின்றது.

செங்குத்தான இடத்தில் எழுந்து நின்று மிதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. மணலோ ஈர இலையோ கிடந்தால் பின் சக்கரம் வழுக்கும். உட்கார்ந்தபடியே சீட்டின் முன்பக்கம் நகர்ந்து, நெஞ்சைத் தாழ்த்துங்கள். முன் சக்கரமும் தூக்காது. நம் ஊரில் இடப்பக்கம் போகிறோம் அல்லவா, அதனால் இடது வளைவின் உட்புறம்தான் நமக்கு. மிகச் செங்குத்து அங்கேதான். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும்; பாரம் ஏறிய பிறகு மாற்றினால் செயின் முனகும், சில சமயம் கழன்றும் விழும். நடுரோட்டில் வளைந்து வளைந்து ஏறுவது மட்டும் வேண்டாம். மேலேயிருந்து பஸ் வரும்.

முட்டி வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, திடீரென மடங்கினாலோ கியர் பேச்சே கூடாது. எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள். இவருக்கு அப்படி எதுவுமில்லை. தொடைக்கு நாலு பயிற்சி சொல்லிக்கொடுத்து, பெல்ட்டுக்குப் பதிலாகச் சைக்கிள் கடைக்கு அனுப்பிவைத்தேன்.