விசர்ஜன் முடிந்த பிறகும் காதில் கேட்கும் 'ஙொய்'

பிள்ளையார் சிலைகளைக் கரைக்கும் விசர்ஜன் நாளான அனந்த சதுர்த்தசி அன்று மும்பை லால்பாக்கில் டோல்-தாஷா மேளக் கோஷ்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வீடு திரும்பினால், காதுக்குள் 'ஙொய்' என்று இரைச்சல் கேட்கும். காது அடைத்துக்கொள்ளும். தூங்கி எழுந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதோடு மறந்துவிடுகிறோம். மறக்கக் கூடாத விஷயம் அது.

ஒலி செவிப்பறையை அதிர வைக்கிறது. மூன்று குட்டி எலும்புகள் அந்த அதிர்வை உள்காதில் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குக் கடத்துகின்றன. அங்கே ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்செல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் நுண்ணிய இழைக் கற்றை. இழை சாய்ந்ததும் செல்லுக்குள் அயனிகள் பாயும், நரம்புக்குச் செய்தி போகும். மட்டுமீறிய சத்தத்தில் இழைகள் வளைந்து, இணைப்புகள் அறுகின்றன. ஓய்வு கொடுத்தால் ஓரளவு மீளும். செல் செத்துவிட்டால் அவ்வளவுதான். பறவைகளுக்கு மயிர்செல் திரும்ப முளைக்கும், மனிதருக்கு முளைக்காது. 2009-ல் வெளியான எலி ஆய்வு ஒன்றில், கேட்கும் திறன் திரும்பிய பிறகும் நரம்பு இணைப்புகளில் பாதி வரை அழிந்திருந்தது. 'சரியாகிவிட்டது' என்பதை அதனால்தான் அப்படியே நம்ப முடியாது.

முதலில் அடிபடுவது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வரும் கீச்சொலிகளைக் கேட்கும் பகுதி. காதுக்குழாயே 3000 ஹெர்ட்ஸ் அருகில் ஒலியைப் பெருக்கிக் கொடுப்பது இதற்கு ஒரு காரணம். ச, த, ட போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய இந்த உயர் அதிர்வெண்கள் வேண்டும். உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் தப்பிவிடும். ஆகவே சத்தம் கேட்கும், பேச்சு புரியாது. 'கதை' எது, 'கடை' எது என்று தெரியாது. தாராவியில் பிளாஸ்டிக் அரைக்கும் மெஷினோடு காலம் தள்ளிய தாத்தா பேரனிடம், "ஏலே, வாய்க்குள்ளயே பேசாத, வெளிய பேசு" என்று எரிந்துவிழுவது கோபத்தால் அல்ல.

எவ்வளவு சத்தம் தாங்கலாம்? 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். அப்படியானால் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடம் 85-ஐத் தொட்டிருக்கும் என்று கொள்ளலாம். லோக்கல் ரயிலின் இரைச்சலை அமுக்க இயர்போன் சத்தத்தைக் கூட்டுபவர்களுக்கும் இதே கணக்குதான்.

பஞ்சு வைத்தால் போதாது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோம் இயர்பிளக்கை விரல்களுக்கிடையே மெல்லிய குச்சியாக உருட்டி, மறு கையால் காதுமடலை மேல்நோக்கியும் பின்னோக்கியும் இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்த வேண்டும். அது விரிந்து அடைக்கும் வரை விரலை எடுக்கக் கூடாது. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பெரிதாகப் பயனில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒரே நாளிலோ ஓரிரு நாளிலோ ஒரு காது திடீரென மந்தமானால் அது அவசரம். சளி, அழுக்கு என்று நினைத்து நாமாக எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உள்காது பாதிப்பு என்றால் ஸ்டீராய்டு சிகிச்சைக்கு முதல் இரண்டு வாரமே நல்ல காலம். அன்றே, முடியாவிட்டால் மறுநாளே, காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

மெல்ல மெல்லக் குறைகிறது என்றால், கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்டிடம் போகலாம். மும்பையில் பாந்த்ரா ரெக்ளமேஷனில் 1983-ல் தொடங்கிய அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இதற்கென்றே இருக்கிறது. ஒலி புகாத அறையில் உட்கார்ந்து, 'பீப்' கேட்டதும் பட்டனை அழுத்த வேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டிக்கும் இந்தச் சோதனையில் சிக்கல் இல்லை. சொற்களைத் திருப்பிச் சொல்லும் சோதனைக்கு மட்டும் தமிழில் வசதி உண்டா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று சோதனையில் கிடைக்கும் வரைபடம்தான் ஆடியோகிராம். அதைப் பார்த்துத்தான் காதுக்கருவியை அமைப்பார்கள். ஆன்லைனில் மலிவாக வாங்கிக் காதில் மாட்டும் ஒலிபெருக்கியில் பெரும்பாலும் இது நடக்காது. அது எல்லா ஒலியையும் ஒன்றாகக் கூட்டி, ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் பகுதியையும் சேர்த்து அலற வைக்கும்.