ரோபோ: ஊழியத்தில் பிறந்த சொல்

குமரி மாவட்டத்தில் 'ஊழியம்' என்ற சொல்லுக்கு இன்று இரண்டு பொருள். கிறித்தவச் சபை வேலையாக ஊர் ஊராகப் போகிறவர் ஊழியத்துக்குப் போகிறார். அரசு அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறவர் ஊழியர். இந்த இரண்டுக்கும் முன்னால் கசப்பான ஒரு பொருள் இருந்தது. இந்தப் பகுதி திருவிதாங்கூரின் தென்கோடியாக இருந்த காலத்தில், ஒடுக்கப்பட்ட சாதியினர் கூலியில்லாமல் அரசுக்குச் செய்தாக வேண்டிய கட்டாய வேலையின் பெயர்தான் ஊழியம். சுமை தூக்க வேண்டும், ஓலையும் விறகும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், கட்டுமானத்துக்கு மண் சுமக்க வேண்டும். ஆள் வந்து கூப்பிட்டால் போயே ஆகவேண்டும். பனையேறிகளிடம் பதநீரும் கருப்பட்டியும் கேட்டு அடித்த கொடுமையை அய்யாவழியின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானை சொல்லி அழுகிறது. மன்றோ என்ற ஆங்கிலேயர் திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக, அதாவது கம்பெனி அரசின் பிரதிநிதியாக இருந்த 1810களில் கிறித்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியம் விலக்கப்பட்டது என்றால், மற்ற ஆறு நாளும் அது இருந்தது என்றுதானே பொருள்?

'ரோபோ' என்ற சொல்லும் இப்படிப்பட்ட ஊழியத்திலிருந்து வந்ததுதான். அது நடந்தது வேறொரு நாட்டில்.

செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் பண்ணையடிமைகள் நிலவுடைமையாளருக்குக் கூலியில்லாமல் செய்த வேலை. செக் நாடு ஆஸ்திரிய அரசின் கீழ் இருந்தபோது இந்த வேலைக்கு ஜெர்மன் மொழியில் 'ரோபோட்' என்றே பெயர். 1775இல் மகாராணி மரியா தெரேசா, வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் இந்த வேலையை வாங்கக் கூடாது என்று போட்ட ஆணையை வரலாற்று நூல்கள் 'ரோபோட் பேட்டன்ட்' என்றுதான் குறிப்பிடுகின்றன. 1848 புரட்சியின்போதுதான் அந்த முறை ஒழிந்தது. அங்கே வாரத்துக்கு மூன்று நாள் என்று வரம்பு கட்டினார்கள், இங்கே ஞாயிறு மட்டும் விடுவித்தார்கள். இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த நாளிலிருந்து, ரோபோ என்ற சொல்லை என்னால் அந்நியச் சொல்லாக நினைக்க முடியவில்லை.

1920இல் கரேல் சாப்பெக் என்ற செக் எழுத்தாளர் 'ஆர்.யூ.ஆர்.' என்ற நாடகத்தை எழுதினார். ஒரு தொழிற்சாலை செயற்கை மனிதர்களை உற்பத்தி செய்து உலகம் முழுக்க வேலைக்கு அனுப்புகிறது, கடைசியில் அவர்கள் கிளர்ந்தெழுகிறார்கள். இதுதான் கதை. அந்த வேலையாட்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர் தடுமாறியபோது, 'ரோபோட் என்று வையேன்' என்று யோசனை சொன்னவர் அவருடைய அண்ணனும் ஓவியருமான யோசெப். கரேலே பிற்பாடு 1933இல் இதை எழுதியிருக்கிறார். அந்த நாடகத்தின் ரோபோட்டுகள் இரும்பால் ஆனவை அல்ல. மாவு பிசைவதுபோல் உயிர்ப்பொருளைப் பிசைந்து செய்த உடம்புகள். தகரப் பெட்டிக்குக் கைகால் முளைத்த உருவம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. சாப்பெக் மனதில் இருந்தது உழைப்பாளி. அதற்கான துறைப்பெயர், அதாவது 'ரோபாட்டிக்ஸ்', 1941இல் ஐசக் அசிமோவ் எழுதிய சிறுகதையில்தான் முதலில் வருகிறது.

இதை எழுதத் தூண்டியது ஒரு கண்காட்சி. மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு பள்ளியில், அன்றாட வாழ்வில் ரோபோவும் ஏஐயும் என்ற பொருளில் பொதுமக்களுக்காக நடத்தினார்கள். நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பலகைகளில் எழுதிய தமிழைப் பார்த்துத் திருத்தித் தரச் சொல்லியிருந்தார்கள். போனால், வரிசையாக இருந்த மூன்று மேசைகளில் ஒன்றில் 'எந்திர மனிதன்', அடுத்ததில் 'தானியங்கி', மூன்றாவதில் 'ரோபோ'. மூன்றாவது மேசைக்காரி பத்தாம் வகுப்பு மாணவி. "சார், இதில எது சரி?" என்று கேட்டாள். அன்றைக்கு அவசரத்தில் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'எந்திரம்' தமிழுக்குப் புதிதல்ல. வடமொழி யந்திரம் தமிழ் வாயில் எந்திரம் ஆகிச் சங்கப் பாட்டிலேயே வந்துவிட்டது. 'கரும்பின் எந்திரம் களிற்று எதிர் பிளிற்றும்' என்கிறது ஐங்குறுநூறு. கரும்பாலையின் சத்தம் யானையின் பிளிறலுக்கு எதிர்ப்பிளிறல் போடுகிறதாம். இந்த எந்திரத்தோடு 'மனிதன்' சேர்ந்தது நாடகத்தாலும் சினிமாவாலும்தான். ஆனால் இன்று வேலை செய்கிற ரோபோக்களில் பெரும்பாலானவற்றுக்கு மனித உருவமே கிடையாது. திருவனந்தபுரத்தில் இளம் பொறியாளர்கள் செய்து 2018இல் வேலைக்கு வந்த 'பேண்டிகூட்' பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிச் சகதியை அள்ளுகிறது. பெயரின் பொருள் பெருச்சாளி. மனிதன் இறங்கக் கூடாத குழிக்குள் மனிதனுக்குப் பதிலாக இறங்குவதற்கென்றே பிறந்த கருவியை 'எந்திர மனிதன்' என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குழியில் செத்தவர்கள் மனிதர்கள்.

'எந்திரன்' அழகான சொல். 2010இல் வந்த திரைப்படத்தின் தலைப்பு அதை எல்லார் வாயிலும் போட்டது. சிக்கல் 'அன்' விகுதியில். கண்காட்சியில் பையன்கள் எல்லாரும் "இவன் எடுப்பான் சார், இவன் வைப்பான் சார்" என்றுதான் விளக்கம் சொன்னார்கள். பிள்ளைகள் ஆசையாகச் சொல்வதில் தவறில்லை. பலகையில் எழுதும்போது திணை என்று ஒன்று இருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் நூற்பாவே இதுதான்: 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே.' மக்கள் என்று சுட்டத்தக்கது உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. அந்த நூல் அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியது என்று பாயிரம் சொல்கிறது. அது நம் விளவங்கோட்டுப் பக்கத்து அதங்கோடுதான் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. அந்த மண்ணில் நின்றுகொண்டு ஒரு கருவியை 'அவன்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எந்திரன் என்று எழுதுகிறவர்கள் 'எந்திரன் எடுக்கிறது' என்று முடிப்பதாவது நல்லது.

'தானியங்கி' என்பது தானாக இயங்குவது எல்லாவற்றுக்கும் பொது. வங்கி வாசலில் இருப்பது தானியங்கிப் பணம் வழங்கி. கதவு தானாகத் திறந்தால் அதுவும் தானியங்கிதான். ரோபோ அதற்கு ஒரு படி மேலே போகிறது. சுற்றிலும் இருப்பதை உணர்ந்து, அதற்கேற்ப வேலையை மாற்றிக்கொள்கிறது.

'ரோபோ' என்றே எழுதினால் என்ன? பேச்சில் தாராளமாகச் சொல்லலாம். தமிழ்ச் சொல் ரகரத்தில் தொடங்காது என்ற விதிப்படி 'உரோபோ' என்று எழுதச் சொன்னால் யாரும் எழுதப் போவதில்லை, நானும் கேட்கமாட்டேன். பிறமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்துக்கு இசைய எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியரே வழி வைத்திருக்கிறார். கடைசி ஒலியை உதிர்த்துவிட்டு 'ரோபோக்கள்', 'ரோபோவுக்கு' என்று நாம் வளைத்துக்கொண்டதும் அந்த வழியில்தான்.

இத்தனைக்கும் பிறகு என் மனம் போய் நிற்கும் சொல் 'பொறி'. பொறியாளர், பொறியியல், எலிப்பொறி எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை மதில்மேல் வளைவிற்பொறி இருக்கிறது. குரங்கு உருவில் செய்த 'கருவிரல் ஊகம்' என்ற பொறியும் இருக்கிறது. அது கிட்ட வந்தவனைப் பாய்ந்து கடிக்குமாம். சீவக சிந்தாமணியில் நிறைமாதக் கர்ப்பிணியான அரசி விசயை மயிற்பொறியில் ஏறிப் பறந்து தப்புகிறாள். கற்பனைதான், ஆனாலும் அதற்கென்று ஒரு சொல் அன்றே தயாராக இருந்திருக்கிறது. இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பொறி என்றால் எந்திரம் மட்டுமல்ல, புலனும் பொறிதான். கண், காது, மூக்கு, வாய், மெய் ஐந்தும் ஐம்பொறிகள். 'பொறிவாயில் ஐந்தவித்தான்' என்று குறளில் படிக்கிறோமே. ரோபோவைத் திறந்து பார்த்தால் இருப்பவையும் இந்த இரண்டுதான்: உணரும் பகுதி, அசையும் பகுதி. கேமராவும் உணரிகளும் ஒரு பக்கம், மோட்டாரும் கையும் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கி வைத்திருக்கிறது தமிழ்.

எந்த வேலைக்கான பொறி என்பதை முன்னால் சேர்த்துவிட்டால் போதும். துப்புரவுப் பொறி, தென்னை ஏறும் பொறி, ரப்பர் பால்வெட்டும் பொறி. பொதுப்பெயர் ஒன்று வேண்டும் என்றால் 'ஏவற்பொறி' என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். 'ஊழியப் பொறி' என்று வைத்தால் வரலாற்றுக்குச் சரியாக இருக்கும். ஆனால் குமரியில் அப்படி ஒரு பலகை வைத்தால் கன்வென்ஷன் கூட்டத்துக்கு வந்த ஒலிபெருக்கியோ என்று நினைப்பார்கள். ஏவல் என்ற சொல்லில் இன்னொரு நன்மையும் உண்டு. ஏவல் என்றதுமே ஏவியவர் யார் என்ற கேள்வி கூடவே எழும். தானியங்கி என்ற பெயர் அந்தக் கேள்வியை மறைத்துவிடுகிறது. எதுவும் முழுக்கத் தானாக இயங்குவதில்லை. யாரோ ஒருவர் வேலையைத் தீர்மானிக்கிறார், யாரோ ஒருவருக்கு அதன் பலன் போகிறது.

அடுத்தது ஏஐ, அதாவது 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்'. 1955 ஆகஸ்டில் ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நதானியேல் ராச்செஸ்டர், கிளாட் ஷானன் நால்வரும் ஒரு கோடைகால ஆய்வுக் கூட்டத்துக்கு எழுதிய முன்மொழிவில்தான் இந்தத் துறைக்கு அந்தப் பெயர் முதலில் வந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கூட்டம் நடந்தது. தமிழில் 'செயற்கை நுண்ணறிவு' நிலைத்துவிட்டது, பாடநூலிலும் செய்தியிலும் அதுதான். நுண்ணறிவு உளவியல் பாடத்தில் ஏற்கெனவே புழங்கிய சொல். காவல் துறையிலும் நுண்ணறிவுப் பிரிவு உண்டு. 'செய்யறிவு' என்று சுருக்கி எழுதுகிற நாளிதழும் இருக்கிறது. இலக்கணக்காரனாக எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். வினைத்தொகை ஆயிற்றே, மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கும். செய்த அறிவு, செய்கிற அறிவு, செய்யும் அறிவு. ஆக்கப்பட்டதும் அதுதான், இனி வேலை செய்யப்போவதும் அதுதான். பேச்சில் ஏஐ என்று சொல்லிவிட்டு, எழுத்தில் இரண்டில் எதை எழுதினாலும் நான் திருத்தமாட்டேன்.

'மெஷின் லேர்னிங்' என்பதற்கு எழுதுகிற 'எந்திரக் கற்றல்' என்ற சொல்லிடம்தான் எனக்கு ஒரு குறை. அதைச் சொல்ல அந்த மூன்றாவது மேசைக்குத் திரும்பிப் போகவேண்டும். அந்த மாணவியும் தோழிகளும் செய்திருந்தது அண்டிப்பருப்பை, அதாவது முந்திரிப்பருப்பைத் தரம் பிரிக்கும் சின்ன ரோபோ. ஒரு கேமரா, மோட்டாரை இயக்கும் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை, இரண்டு சிறிய மோட்டார். பருப்பு பட்டையில் நகர்ந்து வரும்போது கேமரா பார்த்து, முழுசை ஒரு பக்கமும் உடைந்ததை இன்னொரு பக்கமும் தள்ளிவிடும். அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் பெரிய முந்திரி ஆலைகளுக்கும் இன்று கேமரா வைத்துப் பிரிக்கும் எந்திரங்கள் வந்திருக்கின்றன. முழுப்பருப்பில் 'டபிள்யூ 320' என்று ஒரு தரம் உண்டு. ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் எடைக்கு அதிகம் போனால் 320 பருப்பு நிற்கும் என்பது கணக்கு. 'டபிள்யூ 240' என்றால் பருப்பு பெரிது, விலையும் கூடுதல். இந்தக் கணக்கைக் கண்ணாலும் விரலாலும் போட்டவர்கள் நம் ஊர்ப் பெண்கள்.

மேசைக்குப் பின்னால் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். மாணவியின் அப்பாவைப் பெற்றவர், அண்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். ரோபோவுக்குக் காட்டுவதற்காகப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் பருப்புகளைப் படம் எடுத்தபோது, ஒவ்வொன்றையும் கையில் வாங்கி இது முழுசு, இது உடைசல், இது சொத்தை என்று பிரித்துக் கொடுத்தவர் இவர்தான். அந்த அடையாளங்களை வைத்துத்தான் நிரல் கற்றுக்கொண்டது. வந்தவர்கள் எல்லாரும் பொறியைச் சுற்றி நின்று கைபேசியில் படம் எடுத்தார்கள். பாட்டி பேத்தியின் பாவாடை நுனியைப் பிடித்து இழுத்து, "மக்ளே, இது தப்பா எடுத்தா யாருக்க கிட்ட சொல்லணும்?" என்று கேட்டார்.

'எந்திரக் கற்றல்' என்று எழுதும்போது எந்திரம் ஒரு மாணவனாகத் தானே உட்கார்ந்து படித்த மாதிரி தோன்றுகிறது. கற்பித்தவர் அந்தச் சொல்லுக்குள் இல்லை. 'பயிற்றுவித்தல்' என்று எழுதினால் பயிற்றுவித்தவர் என்று ஒருவர் வந்துவிடுகிறார். 'நுண்ணிய நூல்பல கற்பினும் மற்றும்தன் உண்மை அறிவே மிகும்' என்ற குறளைப் பிள்ளைகள் ஏற்கெனவே ஒரு தட்டியில் எழுதி மாட்டியிருந்தார்கள். வள்ளுவர் சொன்னது மனிதனைப் பற்றி. அந்த மேசையைப் பொறுத்தவரை உண்மை அறிவு பாட்டியிடமிருந்து வந்தது, நிரலுக்கு அது கடன்.

நிகழ்ச்சியின் பெயர்களைப் பற்றியும் கேட்டார்கள். எக்ஸ்போவுக்குக் கண்காட்சி போதும், கண்ணுக்குக் காட்சி என்று பொருளும் நேராக இருக்கிறது. செய்முறை வகுப்புக்குப் பயிலரங்கு. பட்டறை என்றும் சொல்லலாம். கொல்லர் பட்டறையிலிருந்து வந்த சொல், கை அழுக்காகிற வேலைக்குப் பொருந்தும். கூடி உட்கார்ந்து நிரல் எழுதும் போட்டியான ஹேக்கத்தானை அப்படியே விட்டுவிடச் சொன்னேன்.

மாலையில் மாணவி புதிய அட்டை வாங்கி வந்து என்னிடம் எழுதித் தரச் சொன்னாள். 'அண்டிப்பருப்பு தரம் பிரிக்கும் பொறி' என்று எழுதிக் கொடுத்தேன். அடியில் நால்வரின் பெயரையும் அவளே எழுதினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, பெயர்களுக்கு மேலே இடம் இருக்கிறதா என்று பார்த்து, 'பயிற்றுவித்தவர்' என்று ஒரு வரி சேர்த்துப் பாட்டியின் பெயரைப் போட்டாள். பாட்டிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது.